உதறலை விழுங்கும் எண்ணெய்

கரடுமுரடான தடத்தில் ஓடும் மோட்டார் சைக்கிளின் ஹேண்டிலுக்கு எசமானர் இருவர்: மேலே அமர்ந்து ஓட்டுபவர் ஒருவர், முன்சக்கரத்தின் அடியில் கிடக்கும் நிலம் மற்றொன்று. ஓட்டுபவரின் கட்டளை நிதானமாகவும் எதிர்பார்த்தபடியும் வருகிறது. நிலத்தின் கட்டளையோ, பாதி புதைந்த கல்லோ மரவேரோ டயரின் பக்கவாட்டில் மோதும் கணத்தில், முன்னறிவிப்பின்றி வருகிறது. முதல் கட்டளைக்கு வழிவிட்டு இரண்டாவதன் வேகத்தைத் தணிப்பதற்காக ஹேண்டிலுக்கும் வண்டியின் சட்டகத்துக்கும் இடையே பொருத்தப்படும் சிறு கருவியே ஸ்டீயரிங் டேம்பர். உள்ளங்கையில் அடங்கிவிடும் இக்கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது அது எவ்வளவு வலுவாகத் தடுக்கிறது என்று பார்ப்பது தொடக்க நிலை ரசனை. எதைத் தடுக்காமல் விடுகிறது என்று பார்ப்பதே தேர்ந்த ரசனை.

தடுக்கப்பட வேண்டியது எது என்பதை முதலில் காண வேண்டும். சாய்ந்து நிற்கும் ஸ்டீயரிங் அச்சைத் தரைவரை நீட்டினால் அது டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் விழும். இவ்விரு புள்ளிகளுக்கும் இடைப்பட்ட தூரம் ‘ட்ரெய்ல்’ எனப்படுகிறது. கரட்டுத்தட வண்டிகளில் இது ஏறத்தாழ 100 முதல் 120 மில்லிமீட்டர் வரை இருக்கும். தள்ளுவண்டியின் சுழல்சக்கரம், வண்டியைத் தள்ளத் தொடங்கியதும் தானே திரும்பி நேராகிக்கொள்வதைப் போல, இத்தூரத்தின் தயவால்தான் விலகிய முன்சக்கரம் நடுவுக்கு மீள்கிறது. ஆனால் மீளும் வேகத்தில் அது நடுவைத் தாண்டி மறுபுறம் போவதும், அங்கிருந்து மறுபடி இழுக்கப்படுவதுமாக ஊசலாட்டம் தொடங்கிவிட்டால், ஹேண்டில் நொடிக்கு 4 முதல் 10 முறை வரை இடவலமாக ஆடும். ‘ஹேண்டில் உதறுது’ என்று பட்டறையில் சொல்லப்படுவது இதுதான். ஊஞ்சலை நிறுத்த அதன் ஆற்றலை எங்கேனும் செலவழித்தாக வேண்டும் என்பது போல, இந்த உதறலின் ஆற்றலையும் வாங்கி வெப்பமாக மாற்றிவிட ஒரு சாதனம் தேவைப்படுகிறது.

இத்தேவைக்கு முன்னோர் கண்ட விடை உராய்வு. 1950-களின் பிரிட்டிஷ் வண்டிகளிலும், அம்மரபில் வந்த பழைய புல்லட்டிலும் ஸ்டீயரிங் தலையின் உச்சியில் இருந்த பெரிய திருகுக் குமிழ், உள்ளேயிருக்கும் உராய்வுத் தட்டுகளை இறுக்கி ஹேண்டிலைக் கனக்கச் செய்தது. பக்கப்பெட்டி பூட்டிய வண்டிக்கு அது பொருத்தமாகவே இருந்தது. எனினும் உலர்ந்த உராய்வு மெதுவான அசைவையும் வேகமான அசைவையும் ஏறக்குறைய ஒரே அளவில் எதிர்ப்பதால், கல்லின் இடிக்காக இறுக்கிய குமிழ் ஓட்டுபவரின் மென்மையான திருப்பலுக்கும் அதே கனத்தைச் சுமத்தியது. எண்ணெயின் இயல்பு வேறு. வாளியில் உள்ள நீரில் கையை மெல்ல அளைந்தால் வழிவிடுவதும், ஓங்கி வீசினால் எதிர்த்து நிற்பதுமான அவ்வியல்பு, நிதானத்தையும் அதிர்ச்சியையும் தானாகவே பிரித்தறிகிறது. நவீன டேம்பர்கள் எண்ணெயை நாடியதன் காரணம் இதுவே.

எண்ணெய் டேம்பர்கள் உருவத்தால் இருவகைப்படும். ஷாக் அப்சர்பரைச் சிறிதாக்கியது போன்ற நீள்குழாய் வகை சாலைப் பந்தய வண்டிகளில் மிகுதி. கரட்டுத்தடத்திலும் ஹோண்டா நிறுவனம் 2008-ஆம் ஆண்டு சிஆர்எஃப்450ஆர் வண்டியில் இவ்வகையை முன் எண்பலகைக்குப் பின்னே ஒளித்துவைத்துத் தொழிற்சாலையிலேயே பொருத்தித் தந்தது. இரண்டாவதான சுழல்வகை, ஹேண்டில் ஒவ்வொரு பக்கமும் 40 பாகைக்கு மேல் திரும்ப வேண்டிய காட்டுத்தட வண்டிக்கு இயல்பாகவே இசைகிறது. அதன் உட்புறம் எளிமையின் அழகு கொண்டது: மூடிய அறையொன்றில் எண்ணெய்; அதை இரண்டாகப் பகுத்து நிற்கும், சிறகு போன்ற ஓர் உலோகத் தகடு; ஹேண்டில் திரும்பத் தகடும் திரும்ப, ஒருபுறத்து எண்ணெய் குறுகிய துளை வழியே மறுபுறம் பிதுங்கிச் செல்கிறது. அவ்வாறு நெருக்குண்டு செல்லும்போதுதான் கல்லின் இடி வெப்பமாகக் கரைகிறது.

ஸ்வீடனின் ஓலின்ஸ் நிறுவனம் தயாரிக்க, கலிபோர்னியாவின் ஸ்காட்ஸ் நிறுவனம் விற்கும் டேம்பர் இவ்வகையில் அளவுகோலாக மதிக்கப்படுவதற்குக் காரணம், அதில் எண்ணெய்க்கு வகுக்கப்பட்டுள்ள வழிகளின் நுட்பம். மேலுள்ள பெரிய குமிழ் மெதுவான அசைவுகளுக்கான எதிர்ப்பை அமைக்கிறது. கையுறையோடும், ஓடும்போதும்கூட அதைத் திருப்பலாம். தனியான மற்றொரு திருகு வேகமான இடிகளைக் கவனிக்கிறது. இப்பிரிவினை வீண் அலங்காரமன்று: கூர்விளிம்புத் துளையில் பாயும் எண்ணெயின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக ஏறும் என்பதால், அசைவின் வேகம் இரட்டித்தால் எதிர்ப்பு நான்கு மடங்காகிவிடும், வேகமான இடிக்கு வேறொரு வழி திறந்திராவிட்டால் எண்ணெய் சுவராகி, அடி முழுவதும் மணிக்கட்டில் இறங்கும். மூன்றாவது அமைப்பு, நடுவிலிருந்து எத்தனை பாகை வரை தடை நீடிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. அவ்வெல்லையைத் தாண்டியதும் ஹேண்டில் இலகுவாகிவிடுவதால், குறுகிய கொண்டையூசித் திருப்பத்தில் டேம்பர் குறுக்கே நிற்பதில்லை.

இவை எல்லாவற்றிலும் ரசிகரின் மனம் தங்கும் இடம் மீள்திசை. சில டேம்பர்கள் போகும் திசையிலும் வரும் திசையிலும் சமமாகத் தடுக்கின்றன. வேறு சில, நடுவிலிருந்து விலகும்போது தடுத்து, திரும்பும்போது விட்டுவிடுகின்றன. ஆழ்மணலில் நீண்ட நேர்க்கோட்டில் விரைபவருக்கு முதல்வகையின் கனம் ஆறுதலாக இருக்கலாம். ஆனால் வேரும் பாறையும் விரவிய காட்டுத்தடத்தில், ஒரு கல் சக்கரத்தைத் தள்ளிவிட்ட மறுகணமே ட்ரெய்ல் அதை நடுவுக்கு இழுக்க முனைகிறது. அந்நேரத்தில் எதிர்த்து நிற்கும் டேம்பர், உதவிக்கு வருபவரின் கையைப் பிடித்துக்கொள்வதற்கு ஒப்பாகிறது. விலகலை மறித்து மீள்தலுக்கு வழிவிடும் டேம்பர், மூக்கணாங்கயிற்றைத் தொய்வாகப் பிடித்திருக்கும் வண்டிக்காரரைப் போன்றது: மாடு தடம் மாறினால் மட்டுமே கயிறு விறைக்கும்.

பொருத்தும் இடமும் தேர்வின் பகுதியே. ஹேண்டிலுக்கு மேலே அமரும் டேம்பர் கைக்கு எட்டும். விழும்போது வயிற்றிலும் இடிக்கும். ஹேண்டிலுக்கு அடியில் அமர்வது பாதுகாப்பானது, ஆனால் ஹேண்டிலை உயர்த்திவிடும். நின்றபடி ஓட்டும் உயரமானவருக்கு இது கூடுதல் வசதியாகவும் குள்ளமானவருக்கு இடையூறாகவும் முடியும். டேம்பரின் கரம் பற்றிக்கொள்ளும் சட்டகத் தண்டில் ஆட்டம் சிறிதும் இருத்தல் ஆகாது. தண்டு ஸ்டீயரிங் அச்சிலிருந்து 6 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால், 1 மில்லிமீட்டர் ஆட்டமே ஏறத்தாழ 1 பாகைத் தடையற்ற அசைவாகிவிடும். உதறல் முளைவிடுவதோ அந்தச் சிற்றசைவில்தான்.

டேம்பர் மருந்தே தவிர உணவன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். ஸ்டீயரிங் தலையின் பேரிங்கான கோன்செட் தேய்ந்திருந்தாலோ, பின் சஸ்பென்ஷன் இறுக்கமாகிப் பின்புறம் உயர்ந்து ட்ரெய்ல் குறைந்திருந்தாலோ எழும் உதறலை டேம்பர் மறைக்குமே ஒழியத் தீர்க்காது. அளவு மிஞ்சினால் மருந்தும் கெடுக்கும்: ஸ்டீயரிங்கில் தணிப்பை ஏற்றினால் விரைவான உதறல் அடங்கும், ஆனால் வண்டி முழுவதும் மெதுவாக நெளியும் மற்றோர் ஊசலாட்டம் மோசமாகும் என்பதை பொறியியல் ஆய்வாளர் ராபின் ஷார்ப் 1971-இல் கணித வழியில் காட்டினார். மெதுவான காட்டுப்பாதையிலோ, சமநிலைக்காக ஓட்டுபவர் இடைவிடாது செய்யும் சிறு திருத்தங்கள் கனத்த ஹேண்டிலில் தாமதமாகின்றன.

ஆதலால் ஒரு டேம்பரைத் தரம்பார்க்கும் கை, ஹேண்டிலை முதலில் மெல்லத் திருப்பும், பிறகு வெடுக்கென்று தட்டும், பிறகு ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவரும். முதலாவதில் எதுவும் தெரியாமலும், இரண்டாவதில் எண்ணெய் கெட்டித்து நின்றும், மூன்றாவதில் மறுபடி எதுவும் தெரியாமலும் இருந்தால் அது நல்ல கருவி. தடத்தில் அத்தகைய டேம்பர் பூட்டிய வண்டியை ஓட்டுபவருக்குக் கல் இருந்த செய்தி கைக்கு வந்து சேரும், அடி மட்டும் வந்து சேராது.