கன்னக் கட்டை

மும்பை சீத்தா கேம்ப்காரர்கள் மான்குர்டில் ஏறும் லோக்கல் ரயில் மத்திய ரயில்வேயுடையது. அதே ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்த ஸ்வப்னில் குசாலே 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைஃபிளில் வெண்கலம் வென்றார். பதக்கத்தைவிட என்னை மயக்குவது அந்தத் துப்பாக்கிதான். குண்டு 5.6 மில்லிமீட்டர், குறிப்பலகையின் பத்துப் புள்ளி வட்டமோ வெறும் 10.4. மண்டியிட்டு, படுத்து, நின்று சுடவேண்டும். ஒவ்வொரு நிலைக்கும் கன்னம் பதியும் கட்டையும் தோள்தாங்கியும் ஏறி இறங்கும், நகரும், சாயும். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. அடுத்தவர் தூக்கினால் கண் குறித்துளைக்கு நேரே வராது. தோட்டாவிலும் பிடிவாதம் உண்டு: ஒரே கம்பெனிச் சரக்கானாலும் தயாரிப்புத் தொகுதி மாறினால் சில குழல்களுக்கு ஒத்துக்கொள்ளாது. அதனால் பெட்டி பெட்டியாகச் சுட்டுப் பார்த்து, பொருந்தியதை மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்வார்கள்.