கிரகம் தேடுகிறவர்கள்

விஞ்ஞானியைப் பாத்திரமாக வைத்து எழுதுவது நாவலாசிரியர்களுக்கு லேசில் கைவருவதில்லை. ஒன்று, அவர் பித்தராகிவிடுகிறார். இல்லாவிட்டால், உலகத்தை ரட்சிக்க வந்த மேதையாகிவிடுகிறார். அடுத்த வருஷம் எந்த ஊரில் சம்பளம் கிடைக்குமோ என்ற கவலையோடு வேலைக்குப் போகிற விஞ்ஞானியை நான் கதைகளில் அதிகம் சந்தித்ததில்லை.

அமெரிக்க நாவலாசிரியர் ரிச்சர்ட் பவர்ஸ் 2021-ல் வெளியிட்ட 'பிவில்டர்மெண்ட்' இந்தக் குறையைத் தீர்க்கும் என்று ஆவலோடு எடுத்தேன். புக்கர் பரிசின் இறுதிப் பட்டியல் வரை போன நாவல். கதாநாயகர் தியோ பைர்ன், விஸ்கான்ஸின் சர்வகலாசாலையில் இருப்பவர். வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கிரகங்களில் உயிர் இருந்தால் அதன் அடையாளம் ஒளியில் எப்படித் தெரியும் என்று கணக்குப் போடுவது அவர் தொழில். மனைவி இறந்துவிட்டாள். ஒன்பது வயது மகனுக்கு இரவு தோறும் ஒரு கிரகத்தைக் கற்பனை செய்து கதை சொல்கிறார். சூரியனே இல்லாமல் இருட்டில் அலையும் கிரகம்கூட அதில் உண்டு. தகப்பன் பிள்ளை பாசத்தைப் பவர்ஸ் எழுதியிருக்கும் அழகைப் பற்றி இரண்டு அபிப்பிராயம் இருக்க முடியாது.

என் குறை வேறு. தியோ சொல்லும் கிரகங்கள் சொன்னபடியே இருக்கின்றன. கடல் என்றால் கடல். இருட்டு என்றால் இருட்டு. அவருக்கு வரும் கஷ்டங்கள் எல்லாம் வெளியிலிருந்தே வருகின்றன. மனைவி போய்விடுகிறாள், மகன் தவிக்கிறான், தொலைநோக்கிக்கு வரவேண்டிய பணத்தைச் சர்க்கார் நிறுத்திவிடுகிறது. தொழிலுக்குள்ளேயே இருக்கிற கஷ்டம் ஒன்று உண்டு. அதை நாவல் தொடவில்லை.

அது என்ன என்று கேட்பீர்கள். நடந்த ஒன்றையே சொல்கிறேன்.

டாக்டர் பட்டம் வாங்கிய பிறகு, பேராசிரியர் பதவி கிடைப்பதற்கு முன், விஞ்ஞானிகள் சில வருஷங்கள் தற்காலிக ஆராய்ச்சியாளர்களாக இருக்கிறார்கள். 'போஸ்ட் டாக்' என்று அதற்குப் பெயர். இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ ஓர் ஊர்; பிறகு வேறு ஊர். 1999-ல் ஸாரா ஸீகர் என்ற பெண் ஹார்வர்டில் பட்டம் பெற்று, ஐன்ஸ்டைன் இருந்த அதே பிரின்ஸ்டன் உயர் ஆராய்ச்சி நிலையத்தில் இப்படிச் சேர்ந்தார். அந்த வருஷம்தான், ஒரு கிரகம் தன் நட்சத்திரத்தின் குறுக்கே போவதை முதன்முதலாகப் பார்த்தார்கள். நட்சத்திரத்துக்குப் பெயர்கூட இல்லை, எச்.டி. 209458 என்று ஓர் எண். மூன்றரை நாளுக்கு ஒரு முறை கிரகம் குறுக்கே வரும்போது வெளிச்சம் நூற்றில் ஒன்றரைப் பங்கு குறையும். கிரகத்தை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. குறைந்த வெளிச்சத்தைத்தான் பார்த்தார்கள்.

கிரகத்தைச் சுற்றிக் காற்று மண்டலம் இருந்தால், அதிலுள்ள சோடியம் தனக்கே உரிய மஞ்சள் நிறத்தில் இன்னும் கொஞ்சம் வெளிச்சத்தைக் குடித்துவிடும் என்று ஸீகரும் அவருடைய ஆசிரியர் ஸாஸலாவும் 2000-ல் எழுதினார்கள். நம் தெருக்களில் சோடியம் விளக்குகள் எரிந்தனவே, அதே மஞ்சள்தான். 2001-ல் ஹப்பிள் தொலைநோக்கி அதைக் கண்டது. குறைவு, பதினாயிரத்தில் இரண்டு பங்கு! கண்ட குழுவின் தலைவர் டேவிட் ஷார்போனோ. அவரும் அப்போது கால்டெக்கில் ஒரு போஸ்ட் டாக். கட்டுரையில் நான்கு பெயர்கள் இருந்தன. ஸீகரின் பெயர் அவற்றில் இல்லை. எங்கே தேடவேண்டும் என்று சொன்னவர் ஒருவர், கண்டவர் வேறொருவர். இது அநியாயமல்ல, தொழிலின் தர்மம்.

கதை இதோடு முடியவில்லை. 2020-ல், ஸ்பெயினிலுள்ள தொலைநோக்கிகளால் பார்த்த ஒரு குழு, அது சோடியமாகவே இல்லாமல் இருக்கலாம் என்று எழுதியது. நட்சத்திரம் சுழல்கிறது, அதன் விளிம்பும் நடுப்பகுதியும் ஒரே மாதிரி ஒளிர்வதில்லை. இந்த இரண்டும் சேர்ந்தே அப்படி ஒரு தோற்றத்தைக் காட்டக்கூடுமாம். கிட்டத்தட்ட இருபது வருஷம் பாடப் பொருளாக இருந்த ஒன்றின் மேல் சந்தேகம் விழுந்துவிட்டது.

சம்பந்தப்பட்டவர்கள் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று நான் ஊகிக்கப் போவதில்லை. உயிரோடிருக்கிற மனிதர்களின் மனசுக்குள் புகுந்து பார்க்கும் உரிமை எனக்குக் கிடையாது. நாவலாசிரியனுக்குத் தன் பாத்திரத்தின்மேல் அந்த உரிமை பூரணமாக இருக்கிறது. பவர்ஸ் அதைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

பதினாயிரத்தில் இரண்டு பங்கையும் தற்காலிக உத்தியோகத்தையும் எழுதினால் வாசகர் கொட்டாவி விடமாட்டாரா என்று கேட்கலாம். மாட்டார். மாற்றல் உத்தரவுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த குடும்பங்களின் கதைகளை நாம் கண்ணீரோடு படித்தவர்கள். வேலை நிரந்தரமில்லை, கண்டது நிச்சயமில்லை, கண்டாலும் பெயர் தனக்கு வருமென்று உறுதியில்லை. ஆனாலும் கணக்கில் ஒரு புள்ளி தவறக்கூடாது என்று ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருக்கிற மனுஷியைப் புரிந்துகொள்ள நமக்கு வானசாஸ்திரம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஸீகர் 2020-ல் தம் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். 2011-ல் கணவரைப் பறிகொடுத்து இரண்டு சிறு பிள்ளைகளோடு நின்ற துக்கம் அதில் பெரிய இடம் பெறுகிறது. அது அவர் பட்ட துக்கம். அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் நாவலாசிரியரும் தம் விஞ்ஞானிமேல் நமக்கு இரக்கம் வர ஒரு மரணத்தைத் துணைக்கு அழைத்திருக்கிறார். அவருடைய வேலையை உள்ளபடி எழுதியிருந்தாலே அந்த இரக்கம் வந்திருக்கும்.