கடைப் பாயிண்டுகளுக்கு ஒரு வீட்டுக் கணக்கு

நடுத்தரக் குடும்பம் ஒன்றின் மாதச் செலவில் பெரும்பகுதியை மளிகையும் மருந்தும் துணியும் பெட்ரோலும் எடுத்துக்கொள்கின்றன. இவற்றை விற்கும் பெரிய ஸ்தாபனங்களோ இன்று பில்லோடு சில பாயிண்டுகளையும் சேர்த்துக் கொடுப்பதை வழக்கமாக்கிக்கொண்டுவிட்டன. கவுண்டரில் இருப்பவர் “போன் நம்பர் சொல்லுங்க” என்று கேட்க, நாம் பத்து இலக்கங்களை ஒப்பிக்க, பில் அச்சாகி வந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறிவிடுகிறோமே தவிர, இதுவரை எத்தனை பாயிண்டு சேர்ந்திருக்கிறது, ரூபாய்க் கணக்கில் அதன் மதிப்பு என்ன, எந்தத் தேதிக்குப் பிறகு அது செல்லாது என்ற மூன்று விஷயங்களும் நம்மில் அநேகருக்குத் தெரிவதில்லை. இம்மூன்றுக்கும் ஒரே இடத்தில் விடை கிடைக்கும்படி கூகுள் ஷீட்ஸில் நானே அமைத்துக்கொண்ட விரிதாள் ஒன்றை, சாதாரண ஆண்ட்ராய்டு கைபேசியிலும் வீட்டிலுள்ள பழைய மடிக்கணினியிலும் பல மாதங்கள் உபயோகித்த பிறகு, அதன் குணதோஷங்களை இங்கே பரிசீலிக்க விரும்புகிறேன்.

வாங்கியவருக்கே லாபத்தில் ஒரு பங்கு திரும்பவேண்டும் என்னும் எண்ணம் பழமையானது. 1844-ல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரத்துத் தொழிலாளிகள் தொடங்கிய கூட்டுறவுக் கடை, ஒவ்வோர் அங்கத்தினரும் எவ்வளவு சரக்கு வாங்கினாரோ அந்த விகிதத்தில் லாபத்தைப் பங்கிட்டது. அந்த முன்மாதிரியைப் பின்பற்றியே சென்னையில் 1904-ல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. கூட்டுறவு முறையில் கணக்குப் புத்தகம் சங்கத்தினுடையது, சங்கம் அங்கத்தினர்களுடையது. ஆகையால் தமக்குச் சேரவேண்டியதைக் கேட்டு வாங்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. அமெரிக்காவில் 1896-ல் ஸ்பெர்ரி அண்ட் ஹட்சின்சன் கம்பெனி ஆரம்பித்த, வாங்குவோர் சேர்த்துவைத்துப் பரிசு பெறும் பச்சை ஸ்டாம்புகளிலிருந்து, 1995-ல் பிரிட்டனில் டெஸ்கோ வெளியிட்ட கிளப்கார்டு வரையில் வந்த மற்றொரு மரபு வேறு தன்மையுடையது: இதில் கொடுப்பவரே விதியை வகுக்கிறார், வேண்டும்போது அவரே அதை மாற்றுகிறார், கார்டு வந்தபின் கணக்கும் அவரிடமே தங்கிவிடுகிறது. நம் ஊர்க் கடைகளின் பாயிண்டு இந்த இரண்டாவது வம்சத்தைச் சேர்ந்ததாதலால், வாங்குகிறவர் தமக்கென்று தனியே ஒரு கணக்கு வைத்துக்கொள்வது அவசியம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

அந்தக் கணக்கை நோட்டுப் புத்தகத்திலும் எழுதலாம். ஆனால் 1979-ல் டான் பிரிக்ளினும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் விசிகால்க் என்ற பெயரில் ஆப்பிள்-2 கணினிக்குக் கொண்டுவந்த காலந்தொட்டு விரிதாளுக்கு இருந்துவரும் ஒரு சக்தி நோட்டுக்கு இல்லை. ஓர் எண்ணை மாற்றிய மாத்திரத்தில் அதைச் சார்ந்த அத்தனை எண்களும் தாமே மாறிவிடும் என்பதே அது. கூகுள் ஷீட்ஸ் 2006-ல் வந்தது; காசு கொடுக்க வேண்டியதில்லை; குடும்பத்தார் பலர் ஒரே சமயத்தில் திறந்து எழுதலாம். இணையத் தொடர்பை நம்ப விரும்பாதவர்களுக்கு லிப்ரேஆஃபீஸ் கால்க் இருக்கிறது. கீழே நான் சொல்லப்போகும் சூத்திரங்கள் பெரும்பாலும் அதிலும் செல்லும்.

என் விரிதாளில் விதி, வரவு, பற்று, சுருக்கம் என்று நான்கு தாள்கள். இவற்றுள் விதித் தாளுக்கே முதன்மை கொடுக்கவேண்டும். கடையின் பெயர், விதிக்கு நாம் இடும் ஒரு குறியீடு, எத்தனை ரூபாய்க்கு ஒரு பாயிண்டு, ஒரு பாயிண்டுக்கு எத்தனை பைசா, எத்தனை மாதம் செல்லும், குறைந்தபட்சம் எத்தனை சேர்ந்தால் பில்லில் கழிக்கலாம், இந்த விதி எந்தத் தேதி முதல் அமலில் இருக்கிறது என்பனவற்றை இதில் வரிசையாக நிரப்பவேண்டும். கடைக்காரரிடம் விசாரித்தும் நிபந்தனைகளைப் படித்தும் இதை நிரப்புவது சிறிது சிரமந்தான் என்றாலும், நிரப்பி முடிக்கும்போதே கண் திறந்துவிடுகிறது. 2022-ல் தொடங்கிய டாட்டா நியூ ஆப்பில் ஒரு நியூகாயினின் மதிப்பு ஒரு ரூபாய்; வேறொரு கடையில் பாயிண்டு 25 பைசா பெறுவதாக வைத்துக்கொண்டால், அங்கே 400 என்று பெருமிதமாகத் தோன்றும் இருப்பு இங்கே 100-க்குத்தான் சமானம். பாயிண்டின் எண்ணிக்கை பெரிதாக இருப்பதைக் கண்டு மனம் மயங்குவது இயல்பாதலால், சுருக்கத் தாளில் நான் பாயிண்டு எண்ணிக்கையைக் காட்டுவதே இல்லை. எல்லாக் கடைகளின் இருப்பும் ரூபாயாகவே தெரிகிறது.

விதிகள் நிலையாக இருப்பதில்லை என்பதையும் ஆரம்பத்திலேயே கணக்கில் எடுத்துக்கொள்ளவேண்டும். பிரிட்டனின் பூட்ஸ் மருந்துக்கடை ஒவ்வொரு பவுண்டுக்கும் 4 பாயிண்டு கொடுத்துவந்து, 2023-ல் அதை 3 ஆகக் குறைத்தது. பாயிண்டின் மதிப்பு மாறவில்லையாயினும் சேரும் வேகம் கால்பங்கு குறைந்துபோயிற்று. இத்தகைய மாற்றம் வரும்போது பழைய வரியை அழிக்காமல், கீழே புதிய வரியையும் புதிய குறியீட்டையும் சேர்த்துவிட்டால், பழைய பில்கள் பழைய விதிப்படியும் புதிய பில்கள் புதிய விதிப்படியும் கணக்காகும். வரவுத் தாளில் கடையின் பெயருக்குப் பக்கத்தில் அந்தக் குறியீட்டை எழுத, எக்ஸ்-லுக்கப் என்னும் சூத்திரம் விதித் தாளுக்குப் போய் உரிய மதிப்பை எடுத்துவந்துவிடுகிறது.

வரவுத் தாளில் தேதி, கடை, குறியீடு, பில் தொகை, சேர்ந்த பாயிண்டு ஆகியவற்றை நாம் எழுதுகிறோம். காலாவதித் தேதியை இ-டேட் சூத்திரம், பில் தேதியோடு விதியிலுள்ள மாதங்களைக் கூட்டித் தானே எழுதிக்கொள்கிறது. இங்கே ஒரு நுட்பமான பிரச்னை எழுகிறது. பாயிண்டைக் கழிக்கும்போது பெரும்பாலான கடைகள் பழையதையே முதலில் கழிக்கின்றன. ஆகையால் எந்தப் பில்லின் பாயிண்டு இன்னும் மீதி இருக்கிறது என்பது தெரிந்தால்தான் எந்தத் தேதிக்குள் எவ்வளவு அழியும் என்று சொல்ல முடியும். இதற்கு நான் அமைத்த வழி இது: ஒவ்வொரு வரியிலும் அந்தக் கடையில் அதுவரை சேர்ந்த மொத்தத்தைச் சம்-இஃப்ஸ் கொண்டு கூட்டி, அதிலிருந்து இதுவரை கழித்த மொத்தத்தைக் கழித்து, வருவது பூஜ்யத்துக்குக் கீழே போனால் பூஜ்யம் என்றும், அந்த வரியின் பாயிண்டைவிட அதிகமானால் அந்த வரியின் பாயிண்டே என்றும் மேக்ஸ், மின் இரண்டாலும் வரம்பு கட்டுவது. ஒரு கடையில் முறையே 120, 80, 150 பாயிண்டுகள் மூன்று பில்களில் சேர்ந்து, 160 கழிந்திருந்தால், முதல் வரியில் மீதி 0, இரண்டாவதில் 40, மூன்றாவதில் 150, ஆக 190. கடையின் கணக்கும் அதுவாகவே இருக்கவேண்டும். காலாவதியாகிப்போனவற்றையும் பற்றுத் தாளில் ஒரு வரியாக எழுதிவிடவேண்டும்; இல்லாவிட்டால் இல்லாத செல்வம் இருப்பில் நின்றுகொண்டிருக்கும்.

இந்தச் சூத்திரம் கைகூடியபின் மற்றவை சுலபம். மீதி உள்ள பாயிண்டின் காலாவதித் தேதி இன்றையிலிருந்து 30 நாளுக்குள் வந்தால் அந்த வரி செந்நிறம் பெறும்படி செய்துவிட்டேன். மாதச் சாமான் பட்டியல் எழுத உட்காரும்போது செந்நிறமான வரியைப் பார்த்து, இம்மாதம் எந்தக் கடை என்று தீர்மானிப்பது வழக்கமாகிவிட்டது.

தேதி விஷயத்தில் மட்டும் புதிதாக அமைப்பவர்கள் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். கோப்பின் அமைப்பில் தேசம் அமெரிக்கா என்று இருந்தால், 05/04/2026 என்று நாம் எழுதுவதை ஏப்ரல் 5 என்று கொள்ளாமல் மே 4 என்று கொண்டுவிடும். 25/04/2026 என்று எழுதினாலோ, இருபத்தைந்தாவது மாதம் இல்லாமையால், அதைத் தேதியென்றே ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். முதல் வகைப் பிழை கண்ணுக்குத் தெரியாது என்பதால் அதுவே அபாயகரமானது. தேசத்தை இந்தியா என்று மாற்றிய பிறகே முதல் பில்லை எழுதவேண்டும். காலாவதிக் கட்டத்தில் தேதிக்குப் பதிலாக 46,023 போன்ற எண் தோன்றினால் கலங்க வேண்டியதில்லை. 2026 ஜனவரி 1-ஐ விரிதாள் தன் உள்ளே அப்படித்தான் வைத்துக்கொண்டிருக்கிறது. கட்டத்தின் வடிவத்தைத் தேதி என்று மாற்றினால் சரியாகிவிடும்.

கைபேசியில் எழுதுவதுதான் இந்தச் சாதனத்தின் பலவீனமான பகுதி. சிறிய திரையில் சிறிய கட்டங்களைத் தொட்டுத் தொட்டு நகர்வது அலுப்பூட்டுகிறது. அவசரத்தில் சூத்திரம் உள்ள கட்டத்தின்மேல் விரல் பட்டு அது அழிந்துபோகவும் இடமுண்டு. சூத்திரங்கள் உள்ள பத்திகளைப் பூட்டிவைப்பதோடு, பில் விவரங்களை எழுத மட்டும் கூகுள் ஃபார்ம்ஸில் ஒரு படிவம் செய்து, அதன் சுட்டியைக் கைபேசியின் முகப்பில் வைத்துவிட்டால் இந்தச் சிரமம் பெரிதும் தீர்கிறது. கடையின் பெயரைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்து, தொகையையும் பாயிண்டையும் அடித்தால் போதும். கடையிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு வருவதற்குள் முடிந்துவிடும் வேலை. மூத்தவர்களும் தயக்கமின்றிச் செய்கிறார்கள். படிவத்திலிருந்து வரும் வரிகள் தனித் தாளில் விழும்படி விட்டு, சூத்திரங்களை வேறு தாளில் வைப்பது நல்லது. புதிய வரி விழும்போது சூத்திரம் தானாக அதோடு கீழிறங்கி வருவதில்லை.

இனிச் சேமிப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். இந்த விரிதாளை நான் மதிப்பதற்கு உண்மையான காரணம் இங்கேதான் இருக்கிறது. பில்லின் அடியில் ‘இன்று நீங்கள் சேமித்தது இத்தனை ரூபாய்’ என்று அச்சிட்டுக் கொடுக்கும் கடைகள் பல. அந்தத் தொகை பெரும்பாலும் பொட்டலத்தின்மேல் உள்ள எம்.ஆர்.பி.க்கும் கடை போட்ட விலைக்கும் உள்ள வித்தியாசம். எம்.ஆர்.பி. என்பது அதற்குமேல் விற்கக்கூடாது என்று சட்டம் கருதும் உச்சவரம்பேயன்றி, அந்த விலைக்குத்தான் எல்லோரும் விற்கிறார்கள் என்பதற்கு அத்தாட்சி அன்று. தெருக்கோடி மளிகைக் கடைக்காரர் அதே பொருளை அதே குறைந்த விலைக்கு எவ்வித விளம்பரமும் இல்லாமல் கொடுத்துக்கொண்டிருந்தால், நாம் சேமித்தது ஒன்றும் இல்லை. ஆகவே ‘விலை’ என்று ஐந்தாவது தாள் ஒன்றைச் சேர்த்து, நாங்கள் மாதந்தோறும் வாங்கும் துவரம் பருப்பு, உளுந்து, நல்லெண்ணெய், சோப்பு முதலியவற்றுக்குக் கிலோ அல்லது லிட்டர் விலையைக் கடைவாரியாக எழுதிவைத்தேன். அலகு விலை பொட்டலத்திலேயே அச்சிடப்பட்டிருந்தாலும் அது எம்.ஆர்.பி.யை ஒட்டியது, நமக்கு வேண்டியது நாம் கொடுத்த விலையை எடையால் வகுத்து வருவது.

அப்படி எழுதிப் பார்க்கும்போது பாயிண்டின் ஸ்தானம் தெளிவாகிறது. 100 ரூபாய்க்கு ஒரு பாயிண்டு, பாயிண்டுக்கு 50 பைசா என்ற விதியுள்ள கடையில் மாதம் 5,000 ரூபாய்க்கு வாங்கினால் கிடைப்பது 50 பாயிண்டு, அதாவது 25 ரூபாய். துவரம் பருப்பு ஒன்றிலேயே கிலோவுக்கு 5 ரூபாய் அந்தக் கடையில் அதிகம் என்றால், ஐந்து கிலோ வாங்கும் கூட்டுக் குடும்பத்துக்கு அந்த லாபம் முழுவதும் பருப்போடு கரைந்துபோகிறது. ‘இரண்டாயிரத்துக்குமேல் வாங்கினால் இரட்டைப் பாயிண்டு’ என்ற அறிவிப்பையும் இதே விதத்தில் அளக்கலாம். 1,700 ரூபாய்க்குச் சாமான் எடுத்தவர் வரம்பை எட்டுவதற்காக இன்னும் 300 ரூபாய்க்கு எடுத்தால், 17 பாயிண்டுக்குப் பதிலாக 40 பாயிண்டு. கூடுதலாகக் கிடைத்தது 11 ரூபாய் 50 பைசா. அந்த 300 ரூபாய்ச் சாமான் அடுத்த மாதம் எப்படியும் வாங்கவேண்டியதாக இருந்தால் அது ஆதாயம். அல்லாவிடில் 288 ரூபாய் 50 பைசா அநாவசியச் செலவு. இதற்காகவே வரவுத் தாளில் ‘பாயிண்டு இல்லாவிட்டாலும் இதை வாங்கியிருப்போமா?’ என்று ஒரு டிக் கட்டம் வைத்தேன். டிக் செய்யாத வரிகளின் தொகையைச் சுருக்கத் தாள் சேமிப்பிலிருந்து கழித்துவிடுகிறது. வேறு எந்தச் சூத்திரத்தையும்விட இந்தச் சிறு கட்டம் எங்கள் செலவை அதிகம் நெறிப்படுத்தியிருக்கிறது. கடைகளின் ஆப் எதிலும் இப்படியொரு கட்டத்தை நான் கண்டதில்லை.

குறைகளையும் சொல்லவேண்டும். இது தானே எதையும் அறிந்துகொள்ளாது. நாம் எழுதாத பில் இதற்கு இல்லாத பில். சாமானைத் திருப்பிக் கொடுக்கும்போது கடை திரும்ப எடுத்துக்கொள்ளும் பாயிண்டை நாமே பற்றில் எழுதவேண்டும். மாதம் ஒருமுறை கடையின் ஆப் காட்டும் இருப்போடு ஒப்பிட்டுப் பார்க்காவிட்டால் நாளடைவில் இரண்டும் விலகிப்போகும். விலகினால் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கலாம் என்பதே இதன் பலன். குடும்பத்தில் பலரும் ஒரே போன் நம்பரைச் சொல்லும் பழக்கம் உள்ள வீடுகளில் விரிதாளை எல்லோருக்கும் பகிர்வது நன்று. ஆனால் கார்டு எண், கடவுச்சொல் முதலிய ரகசியங்களை அதில் ஒருபோதும் எழுதலாகாது.

ஒரே கடையில் வாங்கி, ஒரே கார்டு வைத்திருப்பவருக்கு இத்தனை ஏற்பாடு வேண்டியதில்லை. அவருக்கு அந்தக் கடையின் ஆப்பே போதும். மூன்று, நான்கு கடைகளில் மாறி மாறி வாங்கும் குடும்பத்துக்கு இதைத் தயக்கமின்றிச் சிபாரிசு செய்வேன். அமைக்க முற்படுகிறவர்கள் சூத்திரங்களிலிருந்து ஆரம்பிக்காமல், விதித் தாளையும் விலைத் தாளையும் முதலில் நிரப்பட்டும். அவ்விரண்டும் நிரம்பியபின் சில கார்டுகளுக்கு வரவுத் தாளில் இடமே வேண்டியிராது என்பதை அவர்களே காண்பார்கள்.