வழுவமைதியும் ஆங்கில வாக்கியத் திருத்தமும்

தொல்காப்பியனார் சொல்லதிகாரத்தைத் தொடங்குங்கால் முதற்கண் எடுத்துக்கொண்டது பெயர், வினை என்னும் சொற்பாகுபாடு அன்று. சொற்கள் ஒன்றோடொன்று பொருந்தி நின்று பொருள் தரும் முறைமையே. கிளவியாக்கம் என்னும் அம்முதலியலில் வழுக்காத்தலும் வழுவமைத்தலும் உடன்வைத்துப் பேசப்படுகின்றன. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழுவினை எழுவகையாகக் கொண்ட இலக்கண ஆசிரியர், ஒன்றைப் பிழையெனத் தள்ளிய அளவில் அமையாது, எவ்விடத்து எக்காரணம்பற்றி அது கொள்ளத்தக்கதாகும் என்பதனையும் உடனாராய்ந்தனர். இத்துணை நுண்ணிய மரபினையுடைய மொழியினர், ஆங்கில வாக்கியங்களைத் திருத்தும் தேர்வுக்கு மாணாக்கரை ஆயத்தஞ் செய்யும்போது அதனை ஒருசிறிதும் பயன்கொள்ளாதிருத்தல் வியப்பிற்குரியது.

இவ்வகைத் தேர்விற்கு வகுப்பறைகளிற் பெரிதும் வழங்கும் அறிவுரை ஒன்றுண்டு. வாக்கியத்தை வாய்விட்டுப் படித்துப் பார். செவிக்கு ஒவ்வாதது பிழை என்பதே அது. ஆங்கிலம் வழங்கும் இல்லத்திற் பிறந்த பிள்ளைக்கு இவ்வறிவுரை பொருந்தலாம். மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் ஆரையம்பதி போன்ற ஊரிலே, வீட்டிலும் வீதியிலும் கோயில் முன்றிலிலும் தமிழே கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அத்தகைய செவி எங்ஙனம் வாய்க்கும்? அவனுக்கு வாய்த்திருப்பது இலக்கண அறிவு ஒன்றே. அதனை விடுத்துச் செவியை நம்பு என்பது, தோணியை வைத்துக்கொண்டிருப்பவனை நீந்திக் கடக்கச் சொல்வது போலாம்.

அவ்விலக்கண அறிவு ஆங்கிலத்திற்கு எங்ஙனம் உதவும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு விரிவாக நோக்கத்தக்கது. 'ஹாவிங் கிராஸ்ட் த லகூன், த டவர் அப்பியர்ட்' என்றொரு வாக்கியம் வினாத்தாளில் வருவதாகக் கொள்க. சொற்கள் யாவும் எளியன. எழுவாயும் பயனிலையும் இயைந்துள்ளன. செவிக்கு இடர்ப்பாடு ஒன்றுமில்லை. ஆயினும் வாக்கியம் பிழையுடைத்து. வாவியைக் கடந்தது கோபுரம் என்று அது கூறுகின்றது! தொங்கி நிற்கும் எச்சம் என்று ஆங்கில இலக்கண நூலார் இதனைக் கடிவர். இதனையே தமிழில் 'வாவியைக் கடந்து கோபுரம் தோன்றிற்று' என எழுதிக் காட்டினால் ஆறாம் வகுப்பு மாணவனும் நகைப்பான். அவன் நகைப்பதற்குக் காரணம் வினையியலில் உள்ளது. செய்து, செய்யூ, செய்பு என்னும் மூன்று வாய்பாட்டு எச்சங்களும் தம் வினைமுதலையே முடிக்குஞ் சொல்லின் வினைமுதலாகக் கொண்டு முடிதல் வேண்டும். கடந்தவன் ஒருவனும் தோன்றியது பிறிதொன்றுமாயின் செயவென் எச்சம் வேண்டப்படும். 'யாம் வாவியைக் கடக்கக் கோபுரம் தோன்றிற்று' என்பது வழுவற்ற தொடர். ஆங்கிலத்திலும் திருத்தம் இவ்வழியதே. எச்சத்தை நீக்கி, கடந்தவர் இன்னார் எனத் தோன்றுமாறு தனிக்கூற்றாக்கிவிடின் பிழை தீரும்.

ஆசிரியர் அவ்வளவில் நின்றாரல்லர். 'கால் முறிந்து விழுந்தான்' என்னுந் தொடரில் முறிந்தது கால், விழுந்தவன் ஆள். விதிப்படி இது வழுவாதல் வேண்டும். ஆயினும் சினையின் வினை முதலொடு முடியினும் அமையும் என்று அவர் இடந்தந்தார். பொருள் மயங்காமையே காரணம். விதியும் அதன் விலக்கும் பொருள் என்னும் ஒரே வேரினின்று எழுதலை மாணாக்கன் ஈண்டு கண்கூடாகக் காண்கின்றான்.

தமிழிலக்கணமும் ஆங்கிலமும் வெவ்வேறு மணித்தியாலத்திற்குரிய வெவ்வேறு பாடங்கள். ஒன்று மற்றொன்றிற்கு உதவாது என்பார் உளர். இக்கரையோரத்துக் காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள், துறவு பூணுமுன்னர், 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதத் தேர்விலும் 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டத் தேர்விலும் தேறினார். சேக்சுபியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு வைத்து ஆராய்ந்த 'மதங்க சூளாமணி'யும் அவர் எழுதியதே. அன்னார்க்கு இரண்டும் ஒரே உள்ளத்தில் இருந்தன.

இனித் தமிழ் மாணாக்கர் செய்யும் பிழைகளை நோக்கினால், பெரும்பாலன அறியாமையால் எழுவன அல்ல. தம் மொழியின் நெறியைப் பிறமொழியிலும் காத்தலால் எழுவன. 'நேற்று வந்திருக்கிறான்' என்பது குற்றமற்ற தமிழ். வந்த செயல் நேற்று நிகழ்ந்ததாயினும் அதன் பயன் இன்றும் நிற்கின்றமையின் வினை அவ்வடிவம் பெறுகின்றது. அதனைச் சொற்குச் சொல் 'ஹி ஹாஸ் கம் யெஸ்டர்டே' என எழுதுபவன் பிழைபடுகின்றான். முடிந்துபோன காலத்தைக் குறிக்குஞ் சொல்லோடு அவ்வினைவடிவம் ஆங்கிலத்தில் இயையாது. 'பத்து மாடு' எனத் தமிழில் அமைவதால் ஆங்கிலத்திலும் பெயரை ஒருமையிலேயே நிறுத்துகின்றான். பால்பகா அஃறிணைப் பெயர்க்கு எண்ணை வினையே காட்டும் என்பது அவன் கற்றது. ஆங்கிலமோ பெயரிடத்தும் எண்ணைக் காட்ட வேண்டுகின்றது. போதாக்குறைக்கு, 'எஸ்' என்னும் எழுத்துப் பெயரின் ஈற்றில் நின்றாற் பன்மை, நிகழ்கால வினையின் ஈற்றில் நின்றால் ஒருமை என்னும் விந்தை வேறு! இவற்றைச் சிவப்பு மையாற் சுழித்துவிடுதல் எளிது. மாணாக்கன் எவ்விதியைப் பின்பற்றி அவ்விடத்தை அடைந்தான் என்று காட்டுதலே கற்பித்தலாகும். 'ஏ', 'த' என்னும் சிறுசொற்களைப் பொறுத்தவரை தமிழிலக்கணம் கைகொடாது என்பதும் ஒப்புக்கொள்ளற்பாலது. அவை மிகுந்த வாசிப்பாலன்றிப் படியா.

தேர்வின் குறை வேறு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களை நாடும் மாணாக்கர் எழுதும் அமெரிக்கத் தேர்வுகளிலே இவ்வினாவகை நெடுங்காலம் கோலோச்சியது. அங்கே வாக்கியம் ஒன்றிற்கு வழு, வழாநிலை என்னும் இரண்டே நிலைகள், வழுவமைதிக்கு இடமில்லை. 2002 ஒக்டோபரில் நடந்த பீ.எஸ்.ஏ.டி. தேர்விலே எழுத்தாளர் டோனி மோரிசனின் மேதைமை அவரை இத்தகைய நாவல்களைப் படைக்க வல்லவராக்குகின்றது என்னும் கருத்துடைய வாக்கியம் ஒன்று வந்தது. பிழையில்லை என்பதே தேர்வாளர் கொண்ட விடை. வேற்றுமையுருபேற்று உடைமைப் பொருளில் நிற்கும் பெயரைச் சுட்டுப்பெயர் சுட்டலாகாது எனச் சில நூல்கள் விதித்தமையைக் காட்டி ஆசிரியர் ஒருவர் மறுத்தார். ஈற்றில், 2003இல், அவ்வினா நீக்கப்பட்டுப் புள்ளிகள் மீளக் கணிக்கப்பட்டன. 'அவர்' என்றது மோரிசனையே என்பதில் எவர்க்கும் ஐயம் எழவில்லை. எழுந்தது விதியைப் பற்றிய ஐயமே. கிளவியாக்கத்தில் இதற்கு நெருங்கிய ஒரு விதியுண்டு. இயற்பெயரும் சுட்டுப்பெயரும் ஒருவனையே குறித்து வருமாயின் இயற்பெயர் முன்னும் சுட்டு அதன் பின்னும் வருதல் வேண்டும் என்பது அது. அடுத்த நூற்பாவே செய்யுளிற் சுட்டு முற்படவும் பெறும் என நெகிழ்த்துகின்றது. எவனைச் சுட்டிற்று என்னும் தெளிவே அங்கு அளவுகோல்.

அத்தேர்வுகளும் இன்று மாறிவிட்டன. டோஃபல் தேர்வு 2005இல் இணையவழிக்கு மாறியபோது தனி இலக்கணப் பகுதி ஒழிந்தது. எஸ்.ஏ.டி. தேர்வு தனிவாக்கியத் திருத்தத்தை 2016இல் கைவிட்டது. ஜீமாட் தேர்வின் 2023 நவம்பரில் வந்த வடிவிலும் அப்பகுதி இல்லை. ஆயினும் வாக்கியத்தைத் தெளிவுற எழுதவேண்டிய கடன் ஒழிந்ததன்று. க.பொ.த. உயர்தரத்துப் பொது ஆங்கிலத்தில் தொடங்கிப் பல்கலைக்கழகக் கட்டுரை வரை மாணாக்கனை அது தொடர்கின்றது.

திருத்திய வாக்கியத்தின் கீழே காரணத்தை ஒரு வரியில் எழுதச் செய்யும் வினாத்தாளே சிறந்தது. பல்லாயிரம் விடைத்தாள்களைப் பொறியாற் புள்ளியிடும் காலத்தில் அஃது இயலாது எனின், அதனை மறுத்தல் அரிது. வகுப்பறையிலோ அவ்விடர் இல்லை. 'வாவியைக் கடந்து கோபுரம் தோன்றிற்று' என்பதைக் கரும்பலகையிலே ஆங்கில வாக்கியத்திற்கு அருகே எழுதி, கடந்தது யார் என்று வினவுதற்கு ஐந்து நிமிடம் போதும்.