உடைமையும் அடைக்கலமும்

வினாவும் விடையுமாக நூல் யாத்தல் சமய நூலுலகிற் பயின்றுவரும் ஒரு முறையாம். ஆறுமுக நாவலரின் சைவ வினாவிடையைக் கற்றோர்க்கு அம்முறையின் பயன் எடுத்துக் கூற வேண்டுவதின்று. இவ்வகை நூல்களில் வினாக்களின் வைப்புமுறையே ஆசிரியரது உள்ளக்கிடையைப் பெரும்பான்மை புலப்படுத்தும். முதற்கண் எதனை வினவுகின்றாரோ அதுவே அவர்க்குத் தலையாய பொருள் என்க. லூத்தர் 1529-இல் வெளியிட்ட சிறு வினாவிடை பத்துக் கட்டளைகளினின்று தொடங்குகின்றது. கால்வின் ஜெனீவா நகரத்தார்க்கு 1542-இல் இயற்றியது மக்கள் வாழ்வின் குறிக்கோளை வினவித் தொடங்குகின்றது. 1563-இல் ஜெர்மனி தேயத்து ஹைடல்பெர்க் நகரில் தோன்றிய வினாவிடையோ, உயிரோடிருக்கும்போதும் இறக்கும்போதும் ஒருவனைத் தாங்கி நிற்பது எது என்பதனை முதல் வினாவாக வைத்தது. கடவுளை நம்பித் தன்னை அவர்பால் ஒப்புவித்தல் என்னும் கிறிஸ்து சமயக் கொள்கையை உணர்தற்கு இவ்வினாவும் விடையும் சிறந்த கருவியாம். ஆயினும் அவ்விடையைப் பிறழ உணர்வார் பலர். ஆதலின் அதன் பொருள் ஈண்டு ஆராயப்படுகின்றது.

நூல் வரலாறு சிறிது அறியற்பாலது. பலத்தினேட்டு நாட்டை ஆண்ட மூன்றாம் பிரெடரிக், லூத்தர் வழியினரும் கால்வின் வழியினரும் தம்முள் மாறுபட்டு நின்ற காலத்தில், தன் நாட்டுப் பள்ளிகட்கும் திருச்சபைகட்கும் பொதுவாக ஒரு நூல் வேண்டினன். அவனது முகவுரை 1563 சனவரி 19-ஆம் நாளிட்டது. சகரியாஸ் உர்சினஸ், காஸ்பர் ஒலேவியானஸ் என்னும் இருவரே ஆசிரியர் என்பது பழைய வழக்கு. பலர் கூடிச் செய்தனர் என்பதும், அவருள் உர்சினஸின் பங்கே பெரிது என்பதும் இக்கால ஆராய்ச்சியாளர் துணிபு. அப்போது உர்சினஸுக்கு வயது 28. நூலில் 129 வினாக்கள் உள. மக்களின் துன்பநிலை, அதனின்று விடுதலை, விடுதலை பெற்றோரது நன்றி என்பன அதன் மூன்று பகுதிகளாம். முதல் வினா இம்மூன்றற்கும் முன்நின்று அனைத்தையும் தன்னுள் அடக்குகின்றது.

அவ்விடையின் கருத்து வருமாறு: விடை கூறுவோன் தன் உடலும் உயிரும் தனக்கு உரியன அல்ல என்றும், வாழினும் மாயினும் தான் கிறிஸ்துவின் உடைமையே என்றும் அறிக்கையிடுகின்றான். தன் பாவக்கடனை அவர் தம் குருதியால் தீர்த்தார் என்பதும், தந்தையின் திருவுளமின்றித் தன் தலைமயிர் ஒன்றும் உதிராது என்பதும், எல்லாம் தன் மீட்பிற்கே துணையாய் முடியும் என்பதும் அதனைத் தொடர்வன. முடிவில், தூய ஆவி தனக்கு நித்திய வாழ்வை உறுதிப்படுத்தி, அவர்க்கென வாழ மனம் இசையச் செய்கின்றது என்கின்றான். பவுல் உரோமர்க்கு எழுதிய நிருபத்தின் 14-ஆம் அதிகாரமும், மத்தேயு சுவிசேஷத்தின் 10-ஆம் அதிகாரமும் இதற்கு அடிப்படையாவன.

இனி, வினாவில் நின்ற ஜெர்மன் சொல் நோக்கற்பாலது. 'திரோஸ்ட்' என்னும் அச்சொல் 'ஆறுதல்' எனப் பொருள்படும். ஆயினும் தமிழில் ஆறுதல் என்பது வெம்மை தணிதலைக் குறிக்கும்; துன்பம் வந்தபின் அதன் கொதிப்பு அடங்குதலே அதன் முதற்பொருள். திரோஸ்ட் என்பதோ உறுதியையும் நம்பிக்கையையும் குறிக்கும் சொற்களோடு ஒரே வேரிற் பிறந்தது. சாய்தற்கு நிற்கும் தூணை ஒப்பது அது. புண்ணுக்கு இடும் மருந்து மட்டும் அன்று. ஆகவே 'பற்றுக்கோடு' என்று கொள்ளுதலே வினாவின் கருத்திற்கு இயையும். இவ்வேறுபாட்டை உணராதார் இந்நூலைத் துயருற்றார்க்கு இன்சொற் கூறும் நூலாக மட்டும் கருதுவர்.

ஈண்டு ஒரு தடை நிகழும். தன்னைக் கடவுள்பால் ஒப்புவித்தல் மனிதனது செயலன்றோ? அச்செயலின் திண்மை குன்றின் பற்றுக்கோடும் குன்றுமன்றோ? நோயால் அறிவு மயங்கியவனும், இறக்குங்கால் அச்சத்தால் நடுங்குபவனும் ஒப்புவித்தலை எவ்வாறு நிகழ்த்துவர்? எனின், விடையின் சொல்லமைப்பே இதற்கு மறுமொழியாம். தன்னை ஒப்புவிக்கின்றேன் என்று அவன் கூறிற்றிலன். அவர்க்கு உரியனாய் இருக்கின்றேன் என்றே கூறினான். முன்னது செயல், பின்னது நிலை. உடைமை உடையவனை மறந்த காலத்தும் உடையவனது உரிமை அழியாது. மனிதனது நம்பிக்கை அவ்வுரிமையை ஆக்குவதன்று. முன்னரே உள்ள உரிமையை அறிந்து ஒப்புக்கொள்வதேயாம். நம்பிக்கையை அறிவோடு கூடிய உறுதிப்பாடு என்று 21-ஆம் விடை வரையறுத்ததும் இக்கருத்துப் பற்றியே.

ஆயினும் நூல் முழுதும் இந்நிலையில் வழுவாது நின்றதோ எனின், இல்லை. நற்செயல் செய்தல் எற்றுக்கு என்னும் 86-ஆம் வினாவிற்குக் கூறிய காரணங்களுள், ஒருவன் தன் நம்பிக்கையின் மெய்ம்மையை அதன் கனிகளாற் கண்டு தேறலாம் என்பதும் ஒன்று. முதல் விடை மனிதனது பார்வையைத் தன்னினின்று புறத்தே திருப்பிற்று. 86-ஆம் விடை அதனை மீண்டும் அகத்தே திருப்புகின்றது. பின்வந்தோர் சிலர் இதனையே விரித்து, தம்பால் கனி உளதோ இலதோ என்று ஓயாது தம்மைத் தாமே அகழ்ந்து நோக்கி வருந்தினர். ஒரே பற்றுக்கோடு என்று கூறியபின் இரண்டாவதொன்றைச் சாய்வுக்கு வைத்தல் குற்றமேயாம். முதல் விடையின்கீழ் அடக்கிப் பொருள் கொள்ளின் அக்குற்றம் தணியும். கனி உரிமைக்குச் சான்றாகலாம், காரணம் ஆகாது. சாவின் வாயிலில் நிற்பவனுக்குத் தன் கனிகளை எண்ணும் பணியை இடுதல் இந்நூலின் முதல் நோக்கிற்கு முரணாம்.

அடுத்த தடை இதனினும் வலியது. 27-ஆம் விடை மழையும் வறட்சியும், விளைவும் பஞ்சமும், நலமும் பிணியும், செல்வமும் வறுமையும் தற்செயலாக வருவன அல்ல, தந்தையின் கையினின்றே வருவன என்கின்றது. அங்ஙனமாயின் கொடியோன் செய்த கொடுமையும் அக்கையினின்று வந்ததாகக் கொண்டு வாளாவிருத்தல் வேண்டுமோ? வறியோனை நோக்கி, நின் வறுமை கடவுள் தந்தது என்று செல்வன் கூறுதற்கு இது இடந்தாராதோ?

இத்தடைக்கு விடை அவ்வாக்கியங்களைக் கூறுவோன் யாவன் என்பதிலே உளது. முதல் வினா முன்னிலையில் நின்று 'நினக்கு' என்கின்றது. விடை தன்மையில் நின்று 'எனக்கு' என்கின்றது. இழந்தவன் தன் இழப்பைக் குறித்துக் கூறுங்கால் அச்சொல் அடைக்கலமாம். இழவாதவன் இழந்தவனைக் குறித்துக் கூறுங்கால் அதுவே கொடுமையாம். யோபுவின் நண்பர் கடவுளது நீதியைக் குறித்து நெடிது உரைத்தனர். எனினும் அந்நூலின் இறுதியில் கடவுள் வெகுண்டது அவர்பாலே, முறையிட்டு அழுத யோபுவின்பால் அன்று. முறையீடு அடைக்கலத்திற்கு மாறன்று. கிறிஸ்து பாதாளத்தில் இறங்கினார் என்னும் கோட்பாட்டிற்கு 44-ஆம் விடை, அவர் சிலுவையில் உற்ற உள்ளத்து வேதனையையே பொருளாகக் கூறுகின்றது. கைவிடப்பட்டமையைக் கூறிக் கதறிய வாயே உயிரைத் தந்தையின் கையில் ஒப்புவித்தது என்பது சுவிசேஷங்களை ஒருங்கு வைத்து நோக்குவார்க்குப் புலனாம்.

இந்நூலோடு தொடர்புடையார் இதனைத் துன்பம் அறியாது கூறினாரல்லர். 1556-இல் பிரான்சு தேயத்துப் பூர்ஷ் நகரில் படகு கவிழ்ந்து பிரெடரிக்கின் மகன் ஹெர்மன் லுட்விக் இறந்தான். அவனைக் காக்க முயன்று தானும் மூழ்கும் நிலையுற்ற மாணவரே ஒலேவியானஸ். மகனை ஆற்றிற்கு இழந்த தந்தை வேண்ட எழுந்த நூலிலேயே, தந்தையின் திருவுளமின்றி மயிரும் உதிராது என்னும் அறிக்கை நிற்கின்றது. பிறர் அவனுக்கு அதனைக் கூறியிருப்பின் அது தாங்கற்கரிதாம். அவனே கூறுதற்குரியதாக அது எழுதப்பட்டது.

மூன்றாவது தடை அரசியல் பற்றியது. அரசன் ஆணையால் எழுந்து பள்ளிதோறும் ஓதுவிக்கப்பட்ட நூல், ஒப்புவித்தலைக் கற்பித்தது குடிகளை அடக்குதற்கன்றோ எனின், அவ்வையம் நியாயமானதே. தன்மையில் கூறற்பாலதொன்றை ஆணையால் கூறுவித்தமை அந்நூலின் பிறப்பிலேயே ஒட்டிய மாசு. ஆயினும் உடைமை என்னும் கருத்து ஆண்டவனது கைக்கு அடங்காதாயிற்று. 1576-இல் பிரெடரிக் இறந்தபின், லூத்தர் வழியினனான அவன் மகன் ஆறாம் லுட்விக் இவ்வாசிரியர்களைப் பதவியினின்று நீக்கினன். உர்சினஸ் நாய்ஸ்டட் நகர் சென்று கற்பித்து 1583-இல் ஆங்கே இறந்தார். ஒலேவியானஸ் 1587-இல் ஹெர்போர்ன் நகரில் இறந்தார். தம்மை ஆதரித்த அரசன் மறைந்த பின்னும் அவர் கொள்கை மறைந்திலது. என்னை? ஒருவனுக்கு முற்றும் உரியன் ஆயினான் பிறிதொருவனுக்கு முற்றும் உரியன் ஆகான் ஆகலின்.

இதன் முழுப்பொருள் வெளிப்பட்டது 1934 மே மாத இறுதியில். இட்லர் ஆட்சி திருச்சபையையும் தன் கைப்படுத்த முயன்றபோது, பார்மன் நகரிற் கூடிய பேரவை ஓர் அறிக்கை வெளியிட்டது. கார்ல் பார்த் பெரும்பாலும் வரைந்த அதன் முதற் கூற்று, வாழ்விலும் சாவிலும் நம்பிப் பணிதற்குரிய சொல் கிறிஸ்து ஒருவரே என்பது. இது ஹைடல்பெர்க் நூலின் முதல் வினாவை நினைப்பித்தல் வெளிப்படை. அவ்வறிக்கை யூத மக்கட்கு இழைக்கப்பட்ட கொடுமையைப் பற்றி வாய்திறவாமை பெருங்குறையே. பார்த் பின்னாளில் அதனைக் குறித்து வருந்தினார். எனினும், ஒப்புவித்தல் அடிமைத்தனத்தை வளர்க்கும் என்பார்க்கு அது தக்க மறுப்பாயிற்று.

திக்கன்சீட் ஊரின் போதகர் பால் ஷ்னைடர் அம்மறுப்பைத் தம் உடலாற் காட்டினார். தம் சபையை விட்டகலுமாறு இட்ட ஆணைக்கு இணங்காமையால் 1937-இல் சிறைப்பட்டுப் பூகன்வால்ட் முகாமிற்கு அனுப்பப்பட்டார். 1938 ஏப்ரலில் இட்லரின் பிறந்தநாளன்று கொடிக்குத் தொப்பி கழற்ற மறுத்தார். அடியுண்டு தனியறையில் அடைக்கப்பட்டும், அதன் சாளரத்தினின்று ஏனைய சிறையாளர்க்கு வேதமொழி கூறி வந்தார். 1939 சூலை 18-இல் நஞ்சாய் முடியும் அளவில் மருந்து செலுத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். மனைவியும் ஆறு மக்களும் உடையார் அவர்; உயிரை வெறுத்தாரல்லர். தம் உயிர் அரசின் உடைமையன்று என்பதனை அறிந்தாராகலின் அதனைக் காத்தற்பொருட்டு வணங்கிற்றிலர்.

எல்லாம் தொகுத்து நோக்குமிடத்து, இம்முதல் விடையின் வலி இரண்டு செய்திகளிற் காணப்படும். ஒன்று, நம்பிக்கையின் உறுதியை நம்புவோனது மனவலியில் வையாது அவனை உடையவரது உரிமையில் வைத்தமை. மற்றொன்று, சாவைக் குறித்த சொல்லையே வாழ்வைக் குறித்த சொல்லாகவும் அமைத்தமை. அவ்விடை சாவோடு முடியாது, அவர்க்கென வாழ மனம் இசைதலோடு முடிகின்றது. இறத்தற்கு ஆயத்தமாதலைக் கற்பிக்கும் நூல்கள் பல. இறத்தற்கு அஞ்சாமையினின்று வாழ்தற்குத் துணிவு பிறப்பிக்கும் நூல்கள் சில. ஒலேவியானஸ் இறக்குந்தறுவாயில், மீட்பில் உறுதி உளதோ என்று வினவப்பட்டு, மிக உறுதி எனப் பொருள்படும் ஒரே இலத்தீன் சொல்லால் விடையிறுத்தார் என்பது வழிவழி வரும் செய்தி. அவ்வுறுதி அவரது நெஞ்சின் திண்மையைக் குறித்ததெனக் கொள்வார் முதல் விடையை உணராதாரே யாவர்.