லான்ஸரும் ஆடுதுறை 27-ம்

கதை எழுதுகிறவனுக்கு மோட்டாரைப் பற்றி அபிப்பிராயம் எதற்கு என்று கேட்கலாம். ஒரு காரின் வம்ச சரித்திரம் ஒரு புத்தகத்தின் பதிப்புகளைப் போன்றது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அந்த உரிமையில்தான் பேசுகிறேன்.

ஜப்பானில் மிட்ஸுபிஷி லான்ஸர் பிறந்தது 1973-ல். மறு வருஷமே ஆப்பிரிக்காவின் ஸபாரிப் பந்தயத்தில் கென்யாவைச் சேர்ந்த ஜோகிந்தர் சிங் அதை ஓட்டி ஜெயித்தார், 1976-ல் மறுபடியும். 1996 முதல் 1999 வரை நான்கு வருஷமும் உலகச் சாம்பியனான பின்லாந்துக்காரர் டாமி மாக்கினென் ஓட்டியதும் லான்ஸர்தான். பெயர் ஒன்று, வண்டி தலைமுறைக்குத் தலைமுறை வேறு. பழையதைத் திருத்தி எழுதிக்கொண்டே போனார்கள்.

நம்மிடம் அது 1998-ல் வந்தது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் திருவள்ளூரில் தயாரித்தது. மாயவரம் சாலையில் நான் முதல் லான்ஸரைப் பார்த்தபோது, நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தவர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். அழகான வண்டி. அதில் எனக்குச் சந்தேகமில்லை.

குறை அழகில் இல்லை. ஜப்பானில் 2000-லேயே அடுத்த லான்ஸர் வந்துவிட்டது. அது 'செடியா' என்று இங்கே வந்து சேர 2006 ஆயிற்று. மாரிஸ் ஆக்ஸ்போர்டை அம்பாஸடராக்கி 2014 வரை அச்சடித்த பழக்கம்தான் இதுவும். இன்று இரண்டும் நின்றுவிட்டன.

நமக்கு வராத வித்தை என்று சொன்னால் தஞ்சாவூர்க்காரன் ஒப்பமாட்டான். ஜப்பானிய நெல்லும் இங்கே வந்தது. அதையும் நம் ஜி.இ.பி. 24-ஐயும் சேர்த்த கலப்பிலிருந்து ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் பொறுக்கி எடுத்ததுதான் ஆடுதுறை 27. 1960-களின் நடுவில் அது குறுவை வயல்களில் இறங்கியது. ஆடுதுறை அதோடு நிற்கவில்லை. வேறு வேறு கலப்புகளில் புதிய ரகங்கள் வந்துகொண்டே இருந்தன. லான்ஸர் வந்த அதே 1998-ல் ஆடுதுறை 43 வெளிவந்தது. இன்று 27-ஐ யாரும் தேடவில்லை. அதைவிட நல்ல நெல் கையில் இருக்கும்போது எதற்குத் தேட வேண்டும்?

நெல்லும் இயந்திரமும் ஒன்றா என்பீர்கள். ஒன்றல்லதான். ஆனால் ஆடுதுறையில் விதை நம் கையில் இருந்தது. திருவள்ளூரில் வரைபடம் பிறர் கையில் இருந்தது. அடுத்த பதிப்பை நாமே திருத்த முடியாத ஒரு புத்தகத்தை, எவ்வளவு அழகாக அச்சிட்டாலும், நம்முடையது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.