நோய்த் தேர்வில் தோற்றவர்

திரை இருண்டு கிடக்கிறது. முகம் எதுவும் தெரியவில்லை. குரல்கள் மட்டும் கேட்கின்றன. ஐம்பது மீட்டர் நடக்க முடியுமா என்று ஒரு பெண் கேட்கிறாள். முடியும் என்கிறார் ஒருவர். தொப்பி அணிவதுபோலக் கையைத் தலைவரை உயர்த்த முடியுமா? முடியும். பொத்தானை அழுத்த விரல் இணங்குமா? இணங்கும். கையும் காலும் நலந்தான் அம்மா, கெட்டிருப்பது இதயம், அதைப் பற்றிக் கேளுங்கள் என்று அவர் மன்றாடுகிறார். இதயத்தைப் பற்றிய கேள்வி அந்தத் தாளில் இல்லை!

கென் லோச் இயக்கி, பால் லாவெர்ட்டி எழுதிய ‘ஐ, டேனியல் பிளேக்’ என்னும் ஆங்கிலப் படம் இப்படித் தொடங்குகிறது. 2016இல் கான் திரைப்பட விழாவின் தங்கப்பனை விருதைப் பெற்ற படம். கதை நடப்பது இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள நியூகாசிலில். நாயகர் 59 வயதுத் தச்சர், மனைவியை இழந்தவர், மாரடைப்புக்கு ஆளானவர். வேலைக்குப் போகாதீர் என்கிறார் மருத்துவர். போகத் தகுந்தவரே நீர் என்கிறது அரசாங்கம். நோயாளி என்று ஒப்புக்கொள்ள 15 புள்ளி வேண்டுமாம். இவர் பெற்றது 12.

மதிப்பெண் போட்டுப் பிழைப்பவர்கள் நாம். கணக்கில் தோற்ற பிள்ளையை அறிவோம், வரலாற்றில் தோற்ற பிள்ளையையும் அறிவோம். நோயில் தோற்ற மனிதரை இந்தப் படத்தில்தான் கண்டோம். இன்னும் மூன்று புள்ளிக்கு நோயுற்றிருந்தால் சோறு, இல்லையேல் தெரு!

மேல்முறையீடு செய்யலாமா? செய்யலாம், ஆனால் அதற்கு முன் மறுபரிசீலனை நடக்கவேண்டும். அதற்கும் முன் ‘முடிவெடுப்பவர்’ தொலைபேசியில் அழைக்கவேண்டும். எப்போது அழைப்பார்? அழைக்கும்போது அழைப்பார். அதுவரை வயிற்றுக்கு வழி? வேலையற்றோருக்கான உதவித்தொகை இருக்கிறது. அதைப் பெற வாரம் 35 மணி நேரம் வேலை தேடவேண்டும். தேடுகிறார். ஒருவர் வேலை தரவும் முன்வருகிறார். இதயம் இடந்தராததால் மறுக்கிறார். சோம்பேறி என்ற ஏச்சைப் பெறுகிறார். மனுவையோ கணினியில்தான் போடவேண்டும். மௌசைத் திரையில் மேலே நகர்த்தச் சொன்னால், அதைக் கையில் எடுத்துத் திரையின்மீதே வைத்துத் தேய்க்கிறார் அந்தத் தச்சர். அரங்கு சிரிக்கும் இடம் இது. நாமும் சிரித்தோம், பிறகு வெட்கினோம். வீடு கட்டத் தெரிந்த கை அது.

அந்த ‘முடிவெடுப்பவர்’ இருக்கிறாரே, அவர் முகத்தைப் படம் காட்டுவதே இல்லை. கண்ணுக்குத் தெரியாதவர், கேள்விக்கு அப்பாற்பட்டவர், அவர் சார்பில் பேச இடையில் ஆட்கள் உண்டு. இந்த ஆசாமி நம் வாசகர்களுக்குப் புதியவர் அல்லர்! தமிழில் விதி என்ற சொல்லுக்கு இரு பொருள். தலையில் எழுதியிருப்பதாகச் சொல்லப்படுவதும் விதி, தாளில் அச்சடித்திருப்பதும் விதி. ‘விதி அப்படி’ என்று அலுவலர் கைவிரிக்கும்போது, தாள் விதி தலைவிதியின் வேடத்தைப் போட்டுக்கொள்கிறது. ஆனால் கட்டாய மறுபரிசீலனை என்ற இந்த விதியை 2013இல் மனிதர்கள்தான் கொண்டுவந்தார்கள். மேல்முறையீட்டுக் காலத்தில் உதவித்தொகை பெறக்கூடியவரை இதைக் காட்டித் தடுப்பது சட்டத்துக்கு முரண் என்று 2020இல் அந்நாட்டு உயர்நீதிமன்றமே தீர்ப்பளித்தது.

அத்துறையின் அமைச்சராக இருந்த இயன் டங்கன் ஸ்மித், அலுவலக ஊழியரை இப்படம் அநீதியாகக் காட்டுகிறது என்று குறைப்பட்டார். படத்தை அவர் சரியாகப் பார்க்கவில்லை. டேனியலுக்குக் கணினியில் உதவ முன்வரும் ஆன் என்ற பெண்ணும் அந்த அலுவலகத்து ஊழியர்தானே! உதவியதற்காக மேலதிகாரியிடம் அவள் வசவு வாங்குகிறாள். மனிதர் கெட்டவராக இல்லாமலே கொடுமை நடக்கிறது என்று காட்டுவதல்லவா படத்தின் வலிமை? இலண்டனிலிருந்து இரு குழந்தைகளுடன் வந்த கேட்டி, பேருந்து மாறிச் சற்றுத் தாமதமாக வந்ததற்காக உதவித்தொகையை இழக்கிறாள். பிறகு உணவு வங்கியில், நின்ற இடத்திலேயே தகர டப்பாவைத் திறந்து கையால் அள்ளி விழுங்குகிறாள். ஒப்பாரி இசை இல்லை, வசன மழை இல்லை. அந்த ஒரு காட்சிக்காகவே லோச்சை வணங்கலாம்.

நம் குறை வேறு. டேனியல் அப்பழுக்கற்றவர். குடிப்பழக்கம் இல்லை, பொய் இல்லை, பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மரத்தில் பொம்மை செய்து தருபவர். இவ்வளவு நல்லவருக்கா இக்கதி என்று நெஞ்சு பதறுகிறது. நல்லவராக இல்லாவிட்டால்? தகுதியுள்ள ஏழை, தகுதியற்ற ஏழை என்று பிரித்துப் பார்த்தே பழகியது அந்நாடு. 1834ஆம் ஆண்டின் ஏழையர் சட்டம் உதவி கேட்டவரை உழைப்பு விடுதிக்கு அனுப்பியது. அந்தத் தராசை உடைக்க வந்த படம், தன் நாயகரை அதே தராசில் ஏற்றித் தங்கம் என்று நிறுத்துக் காட்டுகிறது. அண்டை வீட்டு இளைஞன் சைனா, குறுக்கு வழியில் காலணி விற்பவன். அவன்தான் அந்தப் படிவத்தை நிரப்பித் தருகிறான். அவனை நாயகனாக்கியிருந்தால் நாம் இவ்வளவு அழுதிருப்போமா?

இதைச் சொல்லக் காரணம் உண்டு. பள்ளி விட்டதும் பெற்றோர் சிலர் நீட்டும் படிவங்களை நாமும் நிரப்பித் தருகிறோம். குடிகாரர் என்று ஊர் சொல்லும் ஒருவர் தாளை நீட்டும்போது நம் பேனா சற்றே தயங்கியிருக்கிறது. அந்தத் தயக்கத்தைப் படம் அதட்டவில்லை, தடவிக் கொடுக்கிறது.

வெற்றி உறுதி என்று சொல்லப்பட்ட அன்றே, தீர்ப்பு மன்றத்தின் கழிவறையில் டேனியலைச் சாகடிப்பது நம் நாடக மேடைக்கும் பழகிய உத்திதான். ஆயினும் அடுத்த காட்சியில் வாயடைத்துப் போகிறோம். காலை ஒன்பது மணிக்கு இறுதிச் சடங்கு. கட்டணம் குறைந்த வேளை அதுதானாம். மன்றத்தில் படிப்பதற்காக அவர் எழுதி வைத்திருந்ததைக் கேட்டி எடுத்துப் படிக்கிறாள். பென்சிலால் எழுதியது.